'நான்' என்று ஆரம்பித்த வாக்கியம் எங்கே போய் முடிந்தது?

கோத்தகிரி டிடிபி (ஞாயிறு, இரவு 9:40)

நான் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிடிபி கடை வைத்து 11 வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஆதார் பிரிண்ட், ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் சோறு போடுவது மனுதான். திங்கட்கிழமை உதகை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் என்பதால் ஞாயிறு சாயங்காலமே ஆள் சேர்ந்துவிடும். அவர்கள் சொல்லச் சொல்ல அடிப்பேன், படித்துக் காட்டுவேன். கையெழுத்தோ கைநாட்டோ வைத்து எடுத்துப் போவார்கள்.

இன்றைக்கு ஒரு பாட்டி வந்தார். எழுபதை ஒட்டி இருக்கும், எஸ்டேட் லைன் வீட்டுக்காரர். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன், பிரச்சினையே அதில்தான்.

"நான் வந்து சாமி, எங்க வீட்டுக்காரரு தவறி ஏழு வருசம், அந்த வீடு, பின்னாடி மண்ணு எறங்கி செவுத்தோட நிக்குது, மகன் திருப்பூருல, மழை வந்தா எங்க தூங்குறது."

நான் அடித்தது: "எனது கணவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எனது வீட்டின் பின்புறம் மண் சரிந்து சுவரை ஒட்டி நிற்கிறது. எனது மகன் திருப்பூரில் வேலை செய்கிறார். மழைக் காலத்தில் வீட்டில் உறங்க இயலவில்லை. எனவே தடுப்புச் சுவர் கட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "எல்லாம் சரிதான் சாமி. மொதல்ல நான்னு சொன்னேனே, அத எங்க எடுத்தே?" என்றார்.

"எனது கணவர், எனது வீடுன்னு இருக்கே பாட்டி."

"அது அவரு, இது வீடு. நான்?"

பதில் வரவில்லை எனக்கு. அவர் வாக்கியத்தை மறுபடி பார்த்தேன். 'நான்' என்று ஆரம்பிக்கிறார். தவறினது வீட்டுக்காரர், நிற்பது மண், திருப்பூரில் இருப்பது மகன், தூங்குவது யார் என்று சொல்லவே இல்லை. 'நான்' மட்டும் பாதி வழியில் இறக்கிவிட்ட பாசஞ்சர் மாதிரி அங்கேயே நிற்கிறது. ஆனால் கேட்டபோது எனக்கு எல்லாமே புரிந்தது, ஒரு இடம்கூட இடறவில்லை.

"அடுத்த வாரம் குடுத்துக்கலாம், நீ யோசிச்சு அடி" என்று போய்விட்டார். ஒரு வாரம் இருக்கிறது. இப்படி நடுவில் தடம் மாறும் வாக்கியத்துக்கு இலக்கணத்தில் பேர் ஏதாவது உண்டா? இதைத் திருத்துவது என் வேலையா, திருத்தாமல் விடுவது என் வேலையா?

மலைரயில் பைத்தியம் (ஞாயிறு, இரவு 10:15)

பேர் தெரியாது, ஆனால் மசினகுடிப் பக்கம் ஒரு விடுதி வாசலில் நான் பார்த்த போர்டைச் சொல்லாமல் தூங்க முடியாது.

"வண்டியை விட்டு இறங்கி யானை தாக்கினால் நிர்வாகம் பொறுப்பல்ல."

யானை எந்த வண்டியில் வந்தது என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "சார், இங்க யானை நடந்துதான் வரும்" என்றார்.

பணிநிறைவு தமிழாசிரியர், உதகை (திங்கள், காலை 6:20)

தம்பி, முதலில் யானையை முடித்துவிட்டுப் பாட்டியிடம் வருகிறேன்.

நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கிவிட்டு, செய்து, செய்பு, செய்யா, செய்யூ என்ற முதல் நான்கும் "வினைமுதல் கொள்ளும்" என்கிறது. எச்சத்தைச் செய்தவர் யாரோ அவரே முற்றையும் செய்ய வேண்டும். தொல்காப்பியம் இதையே "முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின" என்று சொல்லிவிட்டது. 'இறங்கி' என்பது செய்து வாய்பாடு. இறங்கியவர்தான் தாக்க வேண்டும். ஆக இலக்கணப்படி யானைதான் வண்டியில் வந்தது. "இறங்குவோரை யானை தாக்கினால்" என்று எழுதியிருந்தால் வாட்ச்மேனுக்கு வேலை மிச்சம்.

ஆனால் சட்டம் போட்டவர்கள் கதவை முழுசாகச் சாத்தவில்லை. "கால் முறிந்து விழுந்தான்" என்கிறோம். முறிந்தது கால், விழுந்தது அவன். உறுப்பின் வினை உறுப்புக்கு உடையவனோடு போய் முடியலாம் என்று இரண்டு நூலும் இடம் கொடுக்கின்றன. "தலை சுற்றி விழுந்தேன்" என்று நீங்கள் எழுதினால் யாரும் சிவப்பு மை எடுக்க மாட்டார்கள். அப்புறம் உரைகாரர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று, "ஞாயிறு பட்டு வந்தான்." பட்டது சூரியன், வந்தது ஆள். சூரியன் அவனுக்கு உறுப்பும் இல்லை. "சொல்திரியினும் பொருள்திரியா வினைக்குறை" என்று அதற்கும் நன்னூலில் ஒரு சூத்திரம். பட்டு என்று இருந்தாலும் 'பட' என்று எடுத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். நம் ஊரில் மழை பெய்து மண் சரிவது இந்தக் கதவு வழியாகத்தான்.

இப்போது பாட்டி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு வகை. பாட்டி "நான் நிக்குது" என்று சொல்லியிருந்தால் அதை இந்த ஏழுக்குள் போட்டுவிடலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. 'நான்' என்ற எழுவாயை வைத்தார், அதற்குப் பயனிலையே கொடுக்காமல் அடுத்த எழுவாய்க்குப் போய்விட்டார். மயங்கவில்லை, விட்டுவிட்டார். ஏழில் எதிலும் எனக்கு அது ஒட்டவில்லை. மதியம் யோசித்து எழுதுகிறேன், இப்போது பால் வாங்கப் போக வேண்டும்.

பிழைதிருத்தி (திங்கள், காலை 11:05)

பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை பார்த்தவன், குன்னூரில் இருக்கிறேன். எனக்கு இதில் குழப்பமே இல்லை. மனு என்பது இலக்கியம் கிடையாது. அந்த நாளில் மேஜைமேல் மனு கட்டுக்கட்டாக விழும். வாங்குகிறவர் ஒவ்வொன்றிலும் தேடுவது யார், எந்த ஊர், என்ன வேண்டும், இந்த மூன்றுதான். டிடிபி நண்பர் அடித்ததில் மூன்றும் இருக்கின்றன. பாட்டி கேட்கும் 'நான்' மேலே 'அனுப்புநர்' என்ற இடத்தில் பெயர், முகவரியோடு இருக்கிறது. அதை அவருக்குக் காட்டியிருந்தால் போதும்.

உடைந்த வாக்கியத்தை 'உணர்ச்சி' என்று கொண்டாடுவது படித்தவர்களின் சௌகரியம். பாதிக்கப்படுவது மனு கொடுத்தவர்.

கோத்தகிரி டிடிபி (திங்கள், மதியம் 1:30)

அண்ணா, நீங்கள் சொல்வதைத்தான் 11 வருடமாகச் செய்கிறேன். நேற்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தர் என்னிடம் ரிட்டர்ன் கொடுத்தார்.

வட்டக்கானல் மொழிபெயர்ப்பு (திங்கள், மாலை 5:50)

இங்கே மஞ்சு இறங்கி எதிர்வீடு தெரியவில்லை, கரண்ட் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

இதற்குக் கிரேக்கத்தில் பேர் உண்டு, அனகோலூதோன். 'பின்தொடராதது' என்று பொருள். ஒரு அமைப்பில் ஆரம்பித்த வாக்கியம் அதை முடிக்காமல் வேறு அமைப்புக்குத் தாவிவிடுவது. தெரியாமல் செய்தால் பிழை, தெரிந்து செய்தால் அணி.

ஆங்கிலத்தில் வழக்கமாகக் காட்டும் உதாரணம் ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றியில் போருக்கு முந்தின பேச்சு. அரசன் சொல்வதைத் தமிழில் வைத்தால்: "இந்தச் சண்டைக்கு நெஞ்சில்லாதவன், அவனைப் போக விடு." 'அவன்' என்று எழுவாயாக ஆரம்பித்து 'அவனை' என்று முடிகிறது. ஆங்கில இலக்கணத்தில் இது உடைசல். தமிழில் படித்துப் பாருங்கள், "இஷ்டமில்லாதவன், அவனைப் போகச் சொல்லு" என்று டீக்கடையில் தினம் கேட்கிற வாக்கியம். லியர் அரசனில் இன்னொன்று. மகள்கள்மேல் கோபத்தில் கிழவன், உங்கள் இருவரையும் எப்படிப் பழிவாங்குவேன் என்றால் உலகமே அப்படியே... என்று ஆரம்பித்து, அப்படியே விட்டுவிட்டு, 'நான் என்னென்னவோ செய்வேன், என்ன என்று இன்னும் எனக்கே தெரியாது' என்று வேறு பக்கம் போகிறான். வாக்கியம் உடைந்த இடத்தில்தான் அவன் கையில் இனி ஒன்றும் இல்லை என்று நமக்குத் தெரிகிறது.

இதையும் நடுவில் நின்றுபோவதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். வர்ஜில் காவியத்தின் முதல் பாகத்தில் கடல் தேவன் காற்றுகளைத் திட்டும்போது, "உங்களை நான்..." என்று நிறுத்திவிடுகிறான். 'சரி, முதலில் அலையை அடக்கணும்' என்று வேலையைப் பார்க்கப் போகிறான். அது நிறுத்தம். நம் பாட்டி நிறுத்தவில்லை, தாவினார்.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்கிறேன். ரோமர் நிருபம் 5:12. பவுல், ஒரே மனிதனால் பாவம் உலகத்துக்குள் வந்தது போல... என்று ஆரம்பிக்கிறார். 'அதுபோலவே' என்று மறுபாதி வர வேண்டும். வரவில்லை. 13-ஆம் வசனத்தில் வேறு விளக்கத்துக்குப் போய்விடுகிறார், 18-இல்தான் அந்த ஒப்புமையைத் திரும்பப் பிடிக்கிறார். அந்த ஐந்து வசன இடைவெளி உலகத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கெல்லாம் தலைவலி. சர்ச்சுகளில் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமம் என்ன செய்தது தெரியுமா? "மரணம் எல்லாருக்கும் வந்ததுபோலவும் இதுவுமாயிற்று." அந்த 'இதுவுமாயிற்று' என்ற ஒற்றைச் சொல்தான் ஒட்டு. எது ஆயிற்று? யாருக்கும் தெரியாது. ஆனால் தமிழ் வாக்கியத்துக்கு ஒரு முற்று வேண்டுமே, அதனால் வைத்தார்கள். சின்ன வயதில் பள்ளி ஜெபத்தில் அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ பெரிய ரகசியம் என்று நினைத்திருக்கிறேன். அது தையல்காரர் போட்ட முடிச்சு.

டிடிபி நண்பரே, நீங்கள் போட்ட "இயலவில்லை"யும் அந்த ரகம்தான்.

மலைரயில் பைத்தியம் (திங்கள், மாலை 6:30)

இப்போது புரிகிறது, எங்கள் வண்டியை வைத்தே சொல்லிவிடலாம். மேட்டுப்பாளையத்தில் நீராவி இஞ்சினோடு கிளம்பி, குன்னூரில் அதைக் கழற்றி டீசல் மாட்டி உதகை போய்ச் சேருகிற வாக்கியம் பாட்டியுடையது. இஞ்சின் மாறியது, ஆனால் பாசஞ்சர் ஊர் சேர்ந்தாச்சு. கடல் தேவன் ஹில்குரோவிலேயே நின்றுவிட்ட வண்டி.

இன்னொன்று. கல்லாறுக்கு மேலே பல்சக்கரத் தண்டவாளத்தில் இஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் இருந்து தள்ளும். தமிழ் வாக்கியமும் அப்படித்தானே? வினை கடைசியில். முன்பெட்டியில் 'நான்' உட்கார்ந்திருக்கிறது, பின்னால் எந்த இஞ்சின் தள்ளுகிறது என்று கடைசிப் பெட்டி வரைக்கும் தெரியாது. இங்கிலீஷ்காரனுக்கு இரண்டாவது சொல்லிலேயே வினை வந்துவிடும், தாவுவதானால் பட்டவர்த்தனமாகத் தாவ வேண்டும். நமக்கு ரொம்ப தூரம் அவகாசம் இருக்கிறது. அதனால்தான் பேசும்போது இத்தனை பேர் மாட்டிக்கொள்கிறோம், மாட்டிக்கொண்டது தெரியாமலும் தப்பிக்கிறோம்.

பச்சைக்கொழுந்து (திங்கள், இரவு 8:10)

கம்பர் சொன்ன "கண்டனென் கற்பினுக்கு அணியை" இருக்கும்போது கிரேக்கம் எதற்கு? அனுமன் வினையை முதலில் போட்டு வாக்கியத்தையே தலைகீழாக்கிவிட்டான். இலக்கணத்தை மீறிய அழகு!

பணிநிறைவு தமிழாசிரியர், உதகை (திங்கள், இரவு 8:45)

வரும் என்று காலையில் இருந்தே காத்திருந்தேன். அனுமன் எதையும் மீறவில்லை அப்பா. 'கண்டனென்' தன்மை ஒருமை முற்று, 'அணியை' இரண்டாம் வேற்றுமை, எல்லாம் உறவோடு இருக்கின்றன. இடம் மட்டும் மாறியிருக்கிறது. ராமன் துடித்துக்கொண்டிருக்கிறான், முதல் சொல்லிலேயே செய்தி போக வேண்டும், அதனால் முற்று முன்னால் வந்தது. தமிழ் இதை எப்போதும் அனுமதிக்கும். "வந்துட்டான் உங்க பையன்" என்று நீங்களே சொல்வீர்கள். நாம் பேசுவது உறவு அறுந்த வாக்கியத்தைப் பற்றி.

மதியம் யோசித்ததில் ஒன்று கிடைத்தது. தொல்காப்பியம் எச்சவியலில் பத்து எச்சம் சொல்கிறது: பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை. பேச்சில் எஞ்சி நிற்பதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ளும் வகைகள். ஒழியிசைக்கு உரைகாரர் காட்டுவது "கூரியதோர் வாள்மன்." கூர்மையான வாள்தான்... அவ்வளவே. இப்போது அது முறிந்துவிட்டது என்பதை 'மன்' என்ற ஒற்றை இடைச்சொல்லில் நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். வட்டக்கானல் நண்பர் சொன்ன கடல் தேவன் குறிப்பெச்சம் பக்கம் வருவான். "நான் மட்டும் எழுந்து வந்தேன்னா..." என்று அடுப்படியில் இருந்து கேட்காமல் வளர்ந்தவர் யாராவது இங்கே உண்டா?

இதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். நம் இலக்கணம் குறைந்து நிற்பதற்குப் பத்துப் பேர் வைத்தது, மயங்குவதற்கு ஏழு பேர் வைத்தது, மயங்கியும் ஏற்பதற்கு வழுவமைதி என்று ஒரு பேர் வைத்தது. மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை வழு, ஆனால் உவப்பினால் அமைந்தது. இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவர் "இவன் இன்னிக்கு ஏற மாட்டான்" என்பதும் அதே கணக்குத்தான். பாட்டியினுடையதற்கு மட்டும் தனிப்பேர் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஹட்டன் பேத்தி (செவ்வாய், இரவு 10:20)

வணக்கம். படித்துக்கொண்டு மட்டும் இருப்பவள், இன்றைக்கு எழுதத் தோன்றியது. நாங்கள் டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டக் குடும்பம், கோத்தகிரிக்குக் கீழே. 1964 ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்து அனுப்பப்பட்டவர்கள். அப்பாயி ஹட்டன் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். இன்றைக்கும் லைன் வீட்டை 'லயம்' என்பார், காலையில் பேர் கொடுக்கும் இடத்தைப் 'பெரட்டு' என்பார்.

காலேஜ் புராஜெக்ட்டுக்காக அவர் பேச்சை போனில் பதிவுசெய்து எழுத்தில் எடுத்தேன். வந்த கதையை எத்தனை தடவை கேட்டாலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் உடையும்.

"நாங்க தலைமன்னாருல கப்பல் ஏறி, எங்க அப்பா, அந்தத் தகரப்பெட்டி இருக்கே, மண்டபம் கேம்ப்புல எல்லாத்தையும் தொறந்து பாத்தாங்க, ஒரே வெயிலு."

'நாங்க' எங்கேயும் போய்ச் சேராது, 'எங்க அப்பா'வும் சேராது. முதல் தடவை எழுத்தாக்கும்போது நானும் டிடிபி அண்ணா மாதிரி ஒழுங்கு பண்ணினேன். "நாங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தோம். மண்டபம் முகாமில் எங்கள் பெட்டியைச் சோதித்தார்கள்." மேடம் படித்துவிட்டு, "இதை யார் சொன்னது, உங்க அப்பாயியா, நீயா?" என்று கேட்டார்.

திரும்ப ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் கவனித்தேன். அப்பாயி மற்ற கதைகளை நன்றாகவே முடிப்பார். கொழுந்து எடை போடுவதில் நடந்த சண்டை, அட்டை கடித்த கதை, சீட்டுப் பிடித்தவள் ஓடிப்போன கதை எல்லாம் எழுவாய் பயனிலையோடு வரும். இந்த ஒன்றுதான் தாவும். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒரு நாள் கேட்டேன். பெரிதாக ஏதோ வரும் என்று ரெக்கார்டரை ஆன் பண்ணிக்கொண்டுதான் கேட்டேன். "துணிதான், வேற என்ன" என்றார்.

பிழைதிருத்தி சார் சொல்வது மனுவுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் எங்கே உடைகிறது என்பதே ஒரு தகவல் இல்லையா?

பிழைதிருத்தி (செவ்வாய், இரவு 10:55)

உங்கள் புராஜெக்ட்டுக்குத் தகவல், ஒப்புக்கொள்கிறேன். அப்பாயி பேச்சில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் எல்லா உடைசலுக்கும் பின்னால் இப்படி ஏதோ இருக்கும் என்று ஆரம்பித்தால் யானையும் வண்டியில் ஏறிவிடும்.

சும்மா எதிர்த்துக்கொண்டு இருக்காமல் என் பங்குக்கும் ஒன்று. ஆசிரியர் ஐயா சொன்ன வினைமுதல் விதியை இரண்டு நாளாக வீட்டில் சோதித்தேன். "அவன் வந்து நான் போனேன்" காதில் உறுத்துகிறது. சரி, விதி வேலை செய்கிறது. ஆனால் "அவன் சொல்லி நான் வந்தேன்" உறுத்தவில்லை. அவன் சொன்னதுதான் நான் வந்ததற்குக் காரணம் என்பதால் ஒட்டிக்கொள்கிறது போல. "நீ சொல்லி நான் கேட்கணுமா?" இதில் இரண்டு எழுவாய் முட்டிக்கொள்வதில்தான் காரமே இருக்கிறது. "நீ சொன்னால் அதை நான் கேட்க வேண்டுமா?" என்று இலக்கணப்படி திருத்திப் பாருங்கள். சண்டை போய்விடும், சந்தேகம் கேட்பது போல ஆகிவிடும். இதை என் மனைவியிடம் விளக்கினேன். "நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா" என்றார்.

பணிநிறைவு தமிழாசிரியர், உதகை (புதன், காலை 6:40)

பிழைதிருத்தி, முழு மதிப்பெண் உங்கள் வீட்டம்மாவுக்கு.

தாண்டிக்குடி பத்திரம் (புதன், காலை 10:30)

பழனி மலைக் கீழ்ப்பகுதியில் பத்திரம் எழுதுகிற தொழில். இப்படிப்பட்ட வாக்கியத்தில்தான் எங்கள் குடும்பமே நடக்கிறது. இன்ன வருடம் இன்ன தேதியில், இன்ன ஊர் இன்னாருக்கு, இன்ன ஊர் இன்னார் ஆகிய நான் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்... அந்த 'என்னவென்றால்' எங்கே முடிகிறது? 'என்பதாகும்' என்று ஓரிடத்தில் வர வேண்டுமே? வராது. காப்பித் தோட்டத்தின் கதை, பட்டா, பாகப்பிரிவினை, செக்குபந்தி என்கிற நான்கு எல்லை, மிளகுக்கொடி, வரும் வழி, போகும் வழி எல்லாம் வந்து, கடைசியில் "இந்தப்படிக்கு நான் சம்மதித்து எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம்" என்று நிற்கும். வாக்கியம் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றுவிடும். அதை நம்பித்தான் நிலம் கைமாறுகிறது.

ஆனால் கவனித்தீர்களா, 'ஆகிய நான்' என்று ஒன்று வைத்திருக்கிறோம். பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் சொல்லி 'ஆகிய நான்' போட்டால் அந்த 'நான்' அசையாது. தம்பி, பாட்டிக்கு அதைப் போட்டுக் கொடுங்கள்.

வட்டக்கானல் மொழிபெயர்ப்பு (புதன், மதியம் 12:10)

தாண்டிக்குடி அண்ணன் சொன்னதும் எனக்குக் கண்ணகி ஞாபகம் வந்துவிட்டது. பாண்டியன் "யாரையோ நீ" என்று கேட்கிறான். சோழ நாட்டுப் பெருமை, புகார், மாசாத்துவான், கோவலன், சிலம்பு விற்க வந்தது, கொலைப்பட்டது என்று எல்லாம் சொல்லி, கடைசி அடியில்தான் "கண்ணகி என்பதென் பெயரே" என்கிறாள். அதுவும் ஒருவகையில் மனுதானே. அவள் தன்னைக் கடைசிப் பெட்டியில் வைத்தாள், கோத்தகிரிப் பாட்டி முதல் பெட்டியில் வைத்தார்.

பணிநிறைவு தமிழாசிரியர், உதகை (புதன், மாலை 4:00)

தம்பிக்கு ஒரு யோசனை. 'நான்'-ஐ எழுவாயாக வைத்து அதற்கு முற்றும் கொடுத்துவிட்டால் இரண்டு தரப்பும் சமாதானம். "நான் கணவரை இழந்து ஏழு ஆண்டுகளாகத் தனியாக வசித்து வருகிறேன்." இழந்தவரும் வசிப்பவரும் ஒருவரே, நன்னூலார் சந்தோஷப்படுவார். அனுப்பிப் பாருங்கள்.

ஒன்று விட்டுப்போனது. பாட்டியின் "நான் வந்து சாமி"யில் அந்த 'வந்து'வும் வினையெச்சம்தான். எங்கே இருந்து வந்தார், வந்து என்ன செய்தார் என்று எந்த முற்றும் கேட்காத வினையெச்சம். பேசுகிறவர் தாவப்போகிறார் என்பதற்கு அதுதான் முதல் மணி. என் வகுப்பில் ஒரு பையன் ஒரு பதிலில் ஒன்பது 'வந்து' போடுவான். "எல்லாரும் வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பேன்.

கோத்தகிரி டிடிபி (ஞாயிறு, இரவு 8:50)

பாட்டி வந்தார். கூடவே பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், அவருக்கும் அதே சுவர்ப் பிரச்சினை.

ஐயா சொன்ன வாக்கியத்தை முதலில் படித்தேன். "நான் கணவரை இழந்து" என்றதுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நான் எங்க சாமி இழந்தேன்? அவருல்ல தவறினாரு." ஐயா, மன்னிக்கவும், நன்னூலாரும் நீங்களும் அங்கே தோற்றுவிட்டீர்கள்.

அடுத்து தாண்டிக்குடி அண்ணன் சொன்ன மாதிரி பெயர், வீட்டுக்காரர் பெயர், டிவிஷன், லைன் நம்பர் எல்லாம் போட்டு 'ஆகிய நான் எழுதிக்கொள்வது' என்று படித்தேன். முகம் தெளிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்து, "கேட்டியா" என்றார். அதற்குக் கீழே பிழைதிருத்தி அண்ணன் கேட்ட மூன்றும் வரிசையாக இருக்கிறது, வழக்கம் போல. கடைசிக்கு முந்தின வரியில் மட்டும் "உறங்க இயலவில்லை"யை எடுத்துவிட்டு அவர் சொன்னதையே வைத்தேன். "மழை வந்தால் எங்கே தூங்குவது."

படித்து முடித்ததும் கைநாட்டு வைத்தார். அப்புறம், "இதுக்கும் அதே காசா?" என்று கேட்டார். பழைய மனுவுக்குக் காசு வாங்கவில்லை என்று ஞாபகப்படுத்தினேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

பிழைதிருத்தி (ஞாயிறு, இரவு 9:15)

அந்த வரியில் கேள்விக்குறி விட்டுப்போயிருக்கிறது.

கோத்தகிரி டிடிபி (ஞாயிறு, இரவு 9:20)

போட்டுத்தான் பார்த்தேன் அண்ணா. பாட்டி சொன்ன தொனி அது இல்லை. எடுத்துவிட்டேன்.

பிழைதிருத்தி (ஞாயிறு, இரவு 9:32)

சரி, விட்டுவிடுகிறேன். தொழில் புத்தி போகாது, இந்த இழையின் முதல் வாக்கியத்தையும் இப்போதுதான் பார்க்கிறேன். "நான் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிடிபி கடை வைத்து 11 வருடம் ஆகிறது." கடை வைத்தது நீங்கள். ஆகிறது வருடம். உங்கள் 'நான்' எங்கே தம்பி?

பணிநிறைவு தமிழாசிரியர், உதகை (ஞாயிறு, இரவு 9:41)

முதல் நாளே பார்த்தேன். "எங்க வீட்டுக்காரரு தவறி ஏழு வருசம்" என்று அந்த அம்மா சொன்ன அதே அச்சு. ஞாயிறு பட்டு வந்தவன் கணக்கில் 'வைக்க' என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

கோத்தகிரி டிடிபி (ஞாயிறு, இரவு 9:50)

திருத்தலாம் என்று பார்த்தால் எடிட் பண்ணும் நேரம் முடிந்துவிட்டது என்கிறது. இருக்கட்டும். பக்கத்து வீட்டு அம்மாவின் மனு பாதியில் நிற்கிறது, அதை அடிக்கப் போகிறேன். அவர் "எங்க வீட்டுல வந்து" என்று ஆரம்பித்திருக்கிறார்.